தொட்டிக்கரி

காங்கேயம் வட்டாரத்தில் ஒரு தொட்டிக்கரி ஆலை. ஆலை என்று பேர்தான், கூரை கிடையாது. தென்னந்தோப்பை ஒட்டி வரிசையாகக் குழிகள். கொப்பரைக் களங்களிலிருந்து டெம்போவில் வந்திறங்கிய தேங்காய்த் தொட்டிகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன.

லுங்கியை மடித்துக் கட்டி, மூக்கை ஈரத்துண்டால் மூடிய ஒருவர் குழிக்குள் கூடை கூடையாகத் தொட்டியைக் கொட்டுகிறார். தீ மேலேறி வரவர அதன் தலையில் அடுத்த கூடை. கொழுந்துவிட்டு எரிய விட்டால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றைக் கட்டுப்படுத்தினால்தான் கரி. மூன்று கிலோ தொட்டிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி. மீதியில் பெரும்பகுதி மஞ்சள் புகையாகத் தோப்புக்குள் நுழைகிறது.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து கண்ணு, அடியில கனலுது" என்கிறார் கரி பொறுக்கும் அம்மா ஒருவர். பையன் ஓஸைத் திருப்புகிறான். குழி சீறுகிறது. தாரும் பீனாலும் கலந்த கறுப்புத் தண்ணீர் மண்ணில் இறங்குகிறது. பக்கத்தில் ஒரு கிணறு. அதில் யாரும் வாளி விடுவதில்லை.

ஆறிய கரியைப் பெண்கள் சலித்து, கல்லையும் வேகாத தொட்டியையும் நீக்கி, மூட்டை கட்டுகிறார்கள். இனி அது தொழிற்சாலைக்குப் போகும். அங்கே ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் நீராவி பாய்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைத் திறந்துவிடும். ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு. தண்ணீர் வடிகட்டியில் வைத்தால், பூச்சிக்கொல்லி எச்சம், ஏரித் தண்ணீரின் பாசி வாடை, இலைதழை மக்கிய நீரில் குளோரின் சேர்வதால் உண்டாகும் குளோரோபார்ம் எல்லாம் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். உப்பையும் புளோரைடையும் இந்தக் கரி பிடிப்பதில்லை. துளைகள் நிறைந்துவிட்டால் கரியை மாற்றியாக வேண்டும். தண்ணீரிலிருந்து பீனாலைப் பிரிக்கவும் இதே கரிதான்.

உச்சிவேளை. துண்டை அவிழ்த்தவர் இருபது லிட்டர் கேனைச் சாய்த்து, சொம்பில் பிடித்துக் குடிக்கிறார். கேன் டவுனிலிருந்து வந்தது. காசு கொடுத்து வாங்கியது.

வேறு வழி இல்லாமல் இல்லை. இலங்கையில் படல்கமவில் தொட்டியை மூடிய உலையில் கரியாக்கி, புகையையும் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். வீட்டு வடிகட்டியில் கரியை எப்போது மாற்றுவது என்று கேட்கிற நாம், அந்தக் கரி எந்தக் குழியில் வெந்தது என்றும் கேட்க வேண்டும்.