சிவலைக்கு ஐந்து ஊசி

போன சீசனில் கெம்பஸ் லீவுக்கு ஒலுவிலில் இருந்து வந்து, அறுகம்பேயில் மாமாவின் கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தேன். அங்கே சிவலை என்று ஒரு பெட்டை நாய். யாருடைய நாயும் இல்லை. சேர்ஃபிங் பண்ண வருகிறவர்கள் போடும் ரொட்டித் துண்டில் வளர்ந்தது. ஜூலையில் அதன் பின்பக்கம் கோலிஃபிளவர் மாதிரி ஒரு சதைக்கட்டி. போகும் இடமெல்லாம் இரத்தச் சொட்டு. மாமாவுக்குத் தரை டைல்ஸ் கவலை. எனக்கு, உண்மையைச் சொன்னால், அருவருப்புத்தான்.

எங்கட வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. ஈரத்தோடு பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. இருபத்திரண்டு வயது வரை நான் ஒரு நாயைத் தொட்டதே இல்லை.

தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் போனில் வீடியோ ஒன்று காட்டினாள். மேசையில் மயங்கிக் கிடக்கும் நாய், அதன் மேல் இயந்திரக் கைகள். புற்றுநோய்க் கட்டியை ரோபோ எடுக்கிறதாம். அன்றிரவு தேடி வாசித்தேன். ரோபோ தானாக ஒன்றையும் வெட்டுவதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் பக்கத்தில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து விரலை அசைக்க, சின்னத் துளை வழியாக உள்ளே போன கருவி அதே மாதிரி அசையும். மனிதர்களுக்கு ‘டா வின்சி’ என்ற இயந்திரத்தை அமெரிக்கா 2000இலேயே அனுமதித்துவிட்டது. வயிற்றுக்குள் ஆழத்தில் கட்டி இருக்கிற நாய்க்கு அது பெரிய உதவிதான். மாமாவிடம் சொன்னேன். “நம்மட சனத்துக்கே இல்லாதது நாய்க்கா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சாச்சி ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெண்தான் காசு போட்டு ஒரு மிருக வைத்தியரை வரவழைத்தாள். அவர் கட்டியில் இருந்து கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கத்தியே தேவையில்லை என்றார். வெட்டினால் திரும்ப வர இடமிருக்கிறதாம். இது நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய். வைரஸ் இல்லை, புற்றுக்கலமே இணையும்போதும் நக்கும்போதும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒட்டி வளர்கிறது. மனிதருக்கு வராது. 2019இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வின்படி, இது 4,000 முதல் 8,500 வருடங்களுக்கு முன் ஆசியாவில் ஒரே ஒரு நாயில் தொடங்கியது. அந்த நாய் எப்பவோ செத்துவிட்டது. அதன் புற்று மட்டும் இன்னும் உயிரோடு, சிவலையின் பின்பக்கத்தில்.

வைத்தியர் மருந்துக் குப்பியை எடுத்தார். வின்கிறிஸ்டின். அந்தப் பெயரை எனக்குத் தெரியும். சாச்சியின் கிளினிக் கொப்பியில் பார்த்திருக்கிறேன். அவக்கு லிம்போமா. உம்மா அவவைக் கூட்டிக்கொண்டு மஹரகமவுக்கு இரவு பஸ் ஏறுவா. சாச்சி வபாத்தாகி மூன்று வருடம்.

“யாராவது ஆடாமப் பிடிங்க. மருந்து நரம்புக்கு வெளியில கசிஞ்சா அந்த இடத்துச் சதையே செத்துப்போகும்.” மாமா என்னைப் பார்த்தார். நான் பிடித்தேன். அது ஒருக்கா முனகிவிட்டு என் முழங்கையை நக்கியது.

வாரம் ஒன்றாக ஐந்து ஊசி. மூன்றாவதோடு இரத்தம் நின்றது. ஐந்தாவதில் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. இந்த மருந்து எங்கட பட்டிப்பூச் செடியில் இருந்து வருகிறது என்பதையும் அந்த நாட்களில்தான் வாசித்தேன். கனடாவில் 1950களில் சீனி வருத்தத்துக்கு மருந்தாகுமா என்று இந்தச் செடியை ஆராயப்போய்த்தான் அதன் புற்றுநோய்க் குணம் தெரிய வந்ததாம். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். மையவாடியில் சாச்சியின் கபுரடியிலும் அது ஊதாவாகப் பூத்துக் கிடக்கிறது. ஆடு கூடத் தின்னாது.

கடைசி ஊசியன்று பொத்துவிலுக்கு வந்து, கிணற்றடியில் மண் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். உம்மா கண்டுவிட்டா. ஏசுவா என்று நினைத்து எல்லாத்தையும் சொன்னேன், மருந்தின் பெயர் உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு உம்மா கேட்டா:

“அதுக்கும் முடி கொட்டினதா மனே?”

“இல்ல உம்மா. நாய்க்கு அவ்வளவாக் கொட்டாதாம்.”

உம்மா வாளியில் இன்னும் தண்ணீர் அள்ளி ஊற்றினா.