தோளா, இடுப்பா?

படுவான்கரையிலிருந்து தயிர்ச் சட்டிகளைக் காவுதடியிற் சுமந்து வந்தோரின் நடையை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறவார். அதை நடையென்றும் சொல்ல முடியாது, ஓட்டமென்றும் சொல்ல முடியாது. தடி வளைந்து நிமிரும் தாளத்துக்கு இசைய முழங்கால் மடியும். கை ஒன்று தடியைப் பற்ற, மற்றது காற்றிலே வீசும். தோள் மாற்றும்போதுங்கூடக் கால் நிற்பதில்லை. சட்டியில் ஒரு துளி தளும்பினால் அது சுமப்பவருக்கு மானக்கேடு. நன்கு முற்றிய கமுகைப் பிளந்து சீவியெடுத்த தடியே இதற்கு உகந்தது என்பர். வளையாத தடி தோளைத் தின்னும். மிக வளையும் தடி ஆளையே ஆட்டிவிடும்.

இந்த ஊரில் பிறந்து இன்று நோர்வே நாட்டில் வாழும் எம் மருமகன் சென்ற ஆண்டு எமக்கொரு கேள்வி விடுத்தான். அங்கே இலையுதிர் காலத்தில் அனுமதி பெற்று, அயலவருடன் எல்க் எனும் பெருமானை வேட்டையாடச் செல்வது அவன் வழக்கம். வண்டி போகாத காட்டிலே விலங்கு வீழ்ந்தால் இறைச்சியை மனிதர்தாம் சுமந்து வரவேண்டும். முந்திய ஆண்டிலே தொடையொன்றைச் சாதாரணத் தோட்பையில் திணித்துச் சுமந்து, முதுகு பிடித்து, ஒரு மாதம் வேலைக்குப் போகாமற் கிடந்தானாம். “மாமா, சட்டகம் வைத்த பை வாங்கப் போகிறேன். கடையிலே இருபது வகை உண்டு. எதை எடுக்கலாம்?” என்று கேட்டிருந்தான். நாம் வேட்டைக்காரர் அல்லோம். ஆயினும் அவனுடைய பாட்டனார், அதாவது எம் தந்தையார், படுவான்கரைக் காடுகளில் மரை இறைச்சி சுமந்தவர். அந்த முறை எமக்குத் தெரிந்திருக்கும் என்று பிள்ளை நம்பிவிட்டான்.

தெரிந்ததில் முதலாவது இது: பையைத் தெரியுமுன் சுமையைத் தெரிய வேண்டும். மரைக்கடா இருநூறு கிலோவுக்கு மேலும் வளரும். அதை முழுதாய்த் தூக்கிவர எவரும் முயல்வதில்லை. எலும்பைக் காட்டிலேயே களைவர். தசையை நீள நீளமாய்க் கீறிப் பரணிலிட்டு, அடியில் மூட்டிய புகையில் வாட்டுவர். இறைச்சியில் முக்காற்பங்கு நீரே. வற்றக் காய்ந்தால் மூன்றிலொரு பங்காய்ச் சுருங்கும் பொருளைப் பச்சையாய் முதுகில் ஏற்றுவது வீண் வேலையன்றோ?

1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் வேடரின் வழியொன்றைக் குறித்துள்ளார். அவர்கள் மரப்பொந்திலே தேன் வார்த்து, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் வாயடைத்து, பஞ்ச காலத்துக்கென வைப்பராம். காட்டையே களஞ்சியமாக்கியவனுக்குச் சுமைப்பை எதற்கு!

பெருஞ்சுமைக்கு எம் பகுதியார் கண்ட வழி மாடு. கிழக்குக் கரை முஸ்லிம் வணிகர்கள் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாடு சென்று, பாக்கு முதலியன கொண்டு மீண்டனர். மாட்டின் இருபுறமும் நிறை ஒத்திருக்க வேண்டும் என்பதே அங்கும் விதி.

அப்படியானால் மருமகனுக்குக் காவுதடியையே பரிந்துரைக்கலாமா? வளையும் தடியிற் சுமந்தோடுவதை றொட்ஜர் கிராம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1991இல் அளந்து பார்த்தார். உடல் செலவிடும் சக்தி முதுகுச் சுமைக்கு ஆவதிலும் குறையவில்லை. ஆனால் தோளில் விழும் அடியின் உச்சம் குறைந்தது. எம்மூரார் கமுகுத் தடியை வளைத்து வளைத்துப் பார்த்து வாங்கியதன் நியாயம் இதுதான் போலும். எனினும் காவுதடி வெளியான பாதைக்கு ஏற்றது. பற்றைக் காட்டில் அதன் இரு முனையும் கொடியில் மாட்டும். சரிவிலே முன்சுமை தரையிலே இடிக்கும். காட்டுக்குள்ளே முதுகே துணை.

முதுகுச் சட்டகம் புதுமையன்று. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில், இத்தாலி, ஒஸ்திரியா எல்லையருகே கண்டெடுக்கப்பட்ட மனிதன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்னே வாழ்ந்தவன். அவனுடைய உடைமைகளிடையே வளைத்த மரக்கம்பும் குறுக்குப் பலகைகளும் கிடந்தன. சுமைச் சட்டகத்தின் பாகங்கள் எனக் கருதப்படுகின்றன. அவன் வயிற்றிலே காட்டாட்டு இறைச்சியும் மானிறைச்சியும் இருந்தன. நோர்வேக்காரராகிய ஓலே பேர்கன் சட்டகப் பைக்கு உரிமம் பெற்றது 1909இல். 1952இலிருந்து கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டகம் செய்து, இடுப்புப் பட்டையால் பாரத்தைத் தோளினின்றும் இறக்கினார். எம் எண்ணத்தில் இதுவே பெரிய மாற்றம். தோள் என்பது தசையாலும் மெல்லிய எலும்பாலும் தொங்கும் உறுப்பு. இடுப்பெலும்போ கால்களின் மேல் நேரே அமர்ந்த பீடம்.

நேபாளத்துச் சுமையாளர் நெற்றிவாரில் கூடை தொங்கவிட்டு நடப்பதைக் காட்டி, இடுப்புப் பட்டை வேண்டியதில்லை என வாதிடுவாரும் உண்டு. அவர்களுள் ஆடவர் சராசரியாகத் தம் உடல் நிறையில் 93 விழுக்காடு சுமந்தனர் என 2005இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. சிறுவயது முதலே பழகிய கழுத்து அது. ஐம்பதைத் தாண்டிய அலுவலகக் கழுத்து அதைப் பார்த்து வியக்கலாம், பின்பற்றலாகாது.

ஆகவே நாம் மருமகனுக்கு எழுதியது வருமாறு. சட்டகத்தின் உயரம் உன் முதுகின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். ஆளின் உயரத்தை மட்டும் கேட்டு எடுத்துத் தரும் கடைக்காரனை நம்பாதே. இருபத்தைந்து கிலோ மணலைப் பையிலேற்றிக் கடைக்குள்ளேயே அரைமணி நேரம் நட. இடுப்புப் பட்டையை இறுக்கியபின் தோள்வாருக்கு அடியில் விரல் நுழைய வேண்டும். நுழையாவிடில் பாரம் தோளில் இருக்கிறதென்று பொருள். இறைச்சி, பைக்கும் சட்டகத்துக்கும் இடையே, முதுகை ஒட்டி, நடுமுதுகின் உயரத்துக்கு அமைதல் நன்று. தாழ்ந்தால் பின்னே இழுக்கும். அசையாமற் கட்டு, ஆடும் தொடை ஒவ்வோர் அடியிலும் உன்னைத் தள்ளும். காற்றுப்புகும் பருத்திச் சீலையிற் சுற்று. பொலித்தீனில் கட்டினால் சூடு அடங்கி இறைச்சி கெடும். நாற்பது கிலோவாய் இருமுறை சுமப்பதிலும் இருபத்தைந்தாய் மூன்று நாலு முறை நடப்பது மேல்.

அலாஸ்காவில் கொன்ற பெருவிலங்கின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது சட்டப்படி குற்றம். எம் தந்தையார் அந்நாட்டுப் பெயரையும் அறியார். ஆயினும், சுமக்க முடியாததைச் சுடலாகாது என்றே அவரும் சொல்வார்.

இன்னொன்றும் எழுதினோம். நீரைக் கடக்குமுன் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடு. சுமையோடு சறுக்கினால் கட்டியவன் மூழ்குவான். வாவிக்கரையில் வளர்ந்தவர்க்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன் அத்துறையைத் தோணியிலும் பாதையிலும் கடந்தவர்கள் தலைச்சுமையை இறக்கிவைத்த பின்பே உட்கார்ந்தனர்.

நிற்க. எம் நாட்டிலே மரையைச் சுமக்கும் காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் அதற்கு அரண். அது வேண்டியதே, களவில் விற்கப்படும் மானிறைச்சிக்கு ஏங்குவோரிடம் எமக்கு இரக்கமில்லை. ஆனால் ஒன்று உறுத்துகின்றது. 1954இல் கல்லோயாவும் 1983இல் மாதுறு ஓயாவும் தேசிய வனங்களாயின. அக்காடுகளில் அம்பெய்து வாழ்ந்த வேடர், தம் முன்னோரின் நிலத்திலேயே அத்துமீறுவோராயினர். தேவைக்கு மேல் கொல்லாதவனையும் சந்தைக்குக் கொல்பவனையும் ஒரே சட்டம் ஒரே கண்ணால் நோக்கியது.

மருமகனுக்கு எழுதிய சூட்டோடு எம் பேர்த்தியின் புத்தகப் பையையும் தராசில் வைத்தோம். ஆறு கிலோ! பிள்ளையின் நிறையோ முப்பது. ஒற்றைத் தோளிலே, பிட்டத்தில் இடிக்கத் தொங்கவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அன்று வகுப்பில்லாத பாடங்களின் புத்தகங்களை வெளியே எடுத்தோம்; கனத்தவற்றை முதுகுப் பக்கமாய் அடுக்கினோம்; வார்களைக் குறுக்கி இரு தோளிலும் மாட்டினோம். நான்கு கிலோவுக்கு இறங்கிற்று. தோள் நோவு நின்றுவிட்டது. பை மேலேறி இருப்பதைக் கண்டு தோழியர் சிரிக்கின்றனர் என்பதே இப்போது அவளுடைய முறைப்பாடு.