என்ன ஜாதி நாய்?



போன வாரம் ஏற்காட்டில் மணியோடு எடுத்த போட்டோவைப் போட்டதும், "டீச்சர், நாயை எப்படிக் கூட்டிட்டுப் போனீங்க? எங்க தங்க விட்டாங்க?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் தட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு முன்னால் எங்களிடம் கருப்பன் இருந்தான். பழைய மாணவர்கள் சிலருக்கு அவனைத் தெரிந்திருக்கும். நான் ஓய்வு பெற்ற 2018-ஆம் வருடம் தீபாவளிக்குப் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனோம். மூன்று நாள்தானே என்று கருப்பனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அவர்கள் நல்ல மனிதர்கள், வேளாவேளைக்குச் சோறு வைத்தார்கள். ஆனால் தீபாவளி இரவு வெடிச் சத்தத்தில் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஊர் திரும்பி ஒரு மாதம் தெருத்தெருவாகத் தேடினோம். கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியூரில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. கல்யாணமா, காரியமா, ஒருவர் போவோம், ஒருவர் மணியோடு வீட்டில் இருப்போம். "டீச்சர் தனியா வந்திருக்காங்க, சார் எங்க?" என்று கேட்ட சொந்தங்களுக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்.

இந்த வருடம் வீட்டுக்காரருக்கு எழுபது முடிந்தது. "என்ன வேணும்?" என்று மகள் கேட்டதற்கு, "ஏற்காட்டை ஒரு தடவை பாக்கணும். கல்யாணமான வருஷம், 1985-ல போனது. உங்கம்மாவும் வரணும், மணியும் வரணும்" என்றார்.

முதலில் ரயிலைப் பற்றி விசாரித்தேன். நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கூபேயையோ நான்கு படுக்கை கேபினையோ முழுவதுமாக நாமே எடுக்க வேண்டும். 2 ஏசி, 3 ஏசி, ஸ்லீப்பரில் அனுமதி கிடையாது. இல்லையென்றால் பார்சல் ஆபீசில் பணம் கட்டி, கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். இருட்டில், அந்தத் தடதட சத்தத்தில் மணி தனியாக இருப்பதை நினைத்ததும் எனக்குக் கருப்பன் ஞாபகம் வந்துவிட்டது. கார் என்று முடிவு செய்தோம். இரண்டு டிரைவர்கள் மறுத்தார்கள். மூன்றாமவர், "சீட்டுல பழைய போர்வை போட்டுக்குங்க டீச்சரம்மா, அது போதும்" என்றார்.

அடுத்தது தங்கும் இடம். மகள் இணையத்தில் தேடி, செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு என்று போட்டிருந்த ஐந்து இடங்களின் எண்களை அனுப்பினாள். முதல் இடத்தில் போனை எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஜாதி நாய்ங்க?"

"நாட்டு நாய்தாங்க. தெருவுல கெடந்த குட்டிய எடுத்து வளத்தோம்."

"அப்ப வேணாம்ங்க. லேப்ரடார், பக் மாதிரின்னா பரவால்ல. மத்த கெஸ்டெல்லாம் ஒரு மாதிரி பாப்பாங்க."

இரண்டாவது இடத்திலும் அதே கேள்வி. மூன்றாவது இடத்தில் "நாயைத் தோட்டத்தில் கட்டிப் போடுங்கள், அறைக்குள் விடமாட்டோம்" என்றார்கள். மலையூரில் ராத்திரி நாயை வெளியே கட்டக் கூடாது. சிறுத்தைக்கு அதைவிட எளிதான இரை கிடையாது.

நான்காவது இடத்திலும் அந்தக் கேள்வி வந்தபோது என்னை அறியாமல் என் குரல் இறங்கிவிட்டது. "நாட்டு நாய்" என்பதை ஏதோ தப்பு செய்தவள் மாதிரி சொன்னேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு வருடம் ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, தலைநிமிராமல் அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். சில அப்பாக்கள் பதில் சொல்லும்போது குரலைத் தணிப்பார்கள். நான் "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்பேன். பதிவேட்டுக்கு அது வேண்டும், உதவித்தொகைக்கும் வேண்டும், மறுக்கவில்லை. நாயையும் மனிதரையும் ஒப்பிடவும் இல்லை. கேட்ட விதத்தை மட்டும்தான் சொல்கிறேன். அந்த அப்பாக்களின் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

ஐந்தாவது, காபித் தோட்டத்துக்குள் ஒரு சின்ன வீடு. அந்த அம்மா ஜாதி கேட்கவில்லை. "ஊசி போட்டிருக்கா? கடிக்குமா? உள்ள அசிங்கம் பண்ணுமா?" என்று மூன்றே கேள்வி. நானும் உண்மையைச் சொன்னேன். ஊசி போட்டாயிற்று, கடிக்க மாட்டான், அசிங்கம் பண்ண மாட்டான், ஆனால் செருப்பைக் கடிப்பான், இடி இடித்தால் குலைப்பான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஆயிரம் ரூபா முன்பணமா வெச்சுக்கறேங்க. ஒண்ணும் ஆகலன்னா திருப்பிக் கொடுத்துடுவேன்" என்றார். முன்பு ஒரு குடும்பம் நாயை அறையில் பூட்டிவிட்டு ஊர் சுற்றப் போனதாம். பயந்துபோன நாய் மெத்தையையும் கதவையும் பிறாண்டித் தள்ளிவிட்டதாம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வீட்டுக்காரர் சத்தமாக எண்ணினார். மணி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தான். சாயங்காலம் லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தின் விளக்குகளைப் பார்த்தோம்.

அன்று ராத்திரி கோடை இடி. மணி கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கி நடுங்கினான். எழுபது வயது மனிதர் மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து, மழை விடும்வரை அவன் முதுகில் கையை வைத்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கருப்பனுக்கு அன்னைக்கு இப்படி யாரும் பக்கத்துல இல்லையேம்மா" என்றார். ஏழு வருடத்தில் அவர் கருப்பன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. வெறிநோய்த் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முதல் நாள் மாட்டாஸ்பத்திரியில் காட்டி, பயணம் செய்யத் தகுதியானது என்று சான்று வாங்குங்கள். ரயிலுக்கு அது அவசியம்.

2. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு மலை ஏறினால் வாந்தி எடுக்கும். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மட்டும் போதும். இரண்டு மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறக்குங்கள்.

3. பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். வெயிலில் உள்ளே சூடு ஏறினால் உயிருக்கே ஆபத்து.

4. அதன் தட்டு, அதன் போர்வை, கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர். கருப்பனுக்கு நாங்கள் செய்யத் தவறியது இந்தக் கடைசி விஷயம்தான்.

5. அனுமதி உண்டு என்று போட்டிருந்தாலும் நீங்களே போன் பண்ணுங்கள். அறைக்குள் விடுவார்களா, தனிக் கட்டணம் உண்டா, நாட்டு நாய்க்குச் சம்மதமா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

6. கிளம்பும்போது அறையைப் பெருக்கி, முடியை அள்ளிப் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்து நாயோடு வருகிறவருக்குக் கதவு திறப்பது அதனால்தான்.

எங்களுக்கு ஆயிரம் ரூபாயும் திரும்பக் கிடைத்தது. மணி கடித்தது என்னுடைய செருப்பை மட்டும்தான்.

என் மாணவர்களில் யாராவது லாட்ஜ் நடத்தினால், அந்தக் காபித் தோட்டத்து அம்மா கேட்ட மூன்று கேள்விகளையே கேளுங்கள். ஜாதி வேண்டாம்ப்பா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்