மலைநாட்டில் ஓர் இங்கிலாந்து

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதியனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். எதைப்பற்றி எழுதுவது என்று நெடுநேரம் எண்ணியிருந்தேன். வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கல்விமான்களும் எழுதும் ஏட்டில், தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் நான் சொல்லத்தக்கது யாதுளது? அப்பொழுதுதான், இக்கல்லூரியில் மாணவனாயிருந்த காலத்தில் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி நினைவிற்கு வந்தது. அதற்கு நான் இதுவரை விடை கொடுக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாமதித்த அந்த வீட்டுப் பாடத்தையே இங்கு ஒப்படைக்கின்றேன்.

அந்நாளில் நான் பத்தாம் வகுப்பிற் படிக்கும் விடுதி மாணவன். எங்கள் ஆங்கில ஆசிரியர், கண்ணை மூடிக்கொண்டு பாடம் நடத்தும் வழக்கமுடையவர். ஒருநாள் அவர் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை வருணித்தார். மரமின்றிப் புல் மட்டுமே போர்த்து அலையலையாய்க் கிடக்கும் மேட்டு நிலங்கள். மூடுபனியும் முட்புதரும் நிறைந்த ஈரப் புல்வெளிகள். அவற்றினிடையே கருங்கல்லாற் கட்டிய பழைய தேவாலயம், அதனைச் சூழக் கல்லறைகள். வருணித்து முடித்தவர், “உங்களில் எவனாவது இத்தகையதோர் இடத்தைக் கண்டதுண்டா?” என வினவினார். நான் கையை உயர்த்தி, “எங்கள் ஊர் அப்படித்தான், சேர்” என்றேன்.

வகுப்பு முழுதும் சிரித்தது. லயத்துப் பையன் சீமையைக் கண்டவன் போலப் பேசுகின்றானே என்று சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “இவன் பொய் சொல்லவில்லை. டிக்கோயாவுக்குப் போனவர்களுக்கு அது தெரியும்” என்றார். பின்னர் என்னைப் பார்த்து, “அங்குள்ள கல்லறைகளில் யாருடைய பெயர்கள் இருக்கின்றன, யாருடைய பெயர்கள் இல்லை என்று விடுமுறையிற் பார்த்துவந்து சொல்” என்றார்.

விடுமுறையில் ஊர் சென்ற நான் கல்லறைகளை நாடவில்லை. பிரட்டுக் களத்திற் பந்தடித்தேன். திரும்பி வந்தபொழுது ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றிருந்தார்.

எங்கள் மலைநாடு தானே இங்கிலாந்தைப் போலத் தோன்றியதன்று. அதனை அவ்வாறு தோன்றச் செய்தவர்கள் உளர். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் 1848ஆம் ஆண்டு குடியேறிய சாமுவேல் பேக்கர், அங்கு ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவைக்க முனைந்தார். கொல்லன் முதலாகப் பசு, செம்மறி, வேட்டை நாய் ஈறாக யாவும் கப்பலேறி வந்தன. 1852இல் அங்கு பரிசுத்த திரித்துவ ஆலயம் அருட்பொழிவு செய்யப்பெற்றது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட கோப்பி இலைநோய் அத்தோட்டங்களை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை, பின்னர் மலைகளையெல்லாம் மூடியது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. துரைமார் தம் நாட்டை மறவாதிருக்கும் பொருட்டு வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் தம் ஊர்ப் பெயர்களையே இட்டனர். நம்மவர் அப்பெயர்களைத் தம் நாவுக்கு ஏற்றவாறு திரித்து, தமக்கென வேறு பெயர்களையும் வைத்துக்கொண்டனர்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று வெளியேறியபின், மாணவர்களை ஆண்டுதோறும் ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்வது என் வழக்கமாயிற்று. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கும் அவ்விடம் ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ளது. சிங்கள மக்கள் அதனை மகா எலிய என்பர். விடியற்காலையில் அங்கு சென்றால், பழுப்பேறிய புல்வெளி பனித்துளி சுமந்து கிடக்கும். மரைகள் தலைநிமிர்ந்து நம்மைப் பார்க்கும். புல்வெளியின் ஓரங்களில் காற்றால் வளைந்த குட்டை மரங்கள் பாசி போர்த்து நிற்கும். பல ஆண்டுகளுக்கொருமுறை கூட்டமாய்ப் பூக்கும் நெலுச் செடிகள் அக்காட்டிலுண்டு. அவை நம் புலவர் பாடிய குறிஞ்சிக்கு இனமானவை. 1873இல் சேர் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாது என அறிவுரை கூறியதனாற்றான் அம்மலைமுடி தேயிலையாகாமல் தப்பியது. 1988இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் உலக மரபுரிமையாயிற்று.

அப்புல்வெளியில் மஞ்சட் பூப்பூக்கும் முட்புதர் ஒன்றுண்டு. அது இந்நாட்டிற்குரியதன்று. ஆங்கிலேயர் காலத்தில் அவர்தம் நாட்டிலிருந்து வந்து, இங்கு பரவி, இந்நாட்டுப் புல்லை நெருக்குவது. அதனைப் பிடுங்கியெறியும் பணிகள் பல்லாண்டுகளாக நடந்து வந்துள்ளன. ஒருமுறை இதனை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பதினொராம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சேர், தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதானே?” என்றாள். ஆம் என்றேன். “அப்படியென்றால் நாங்களும்?” என்றாள்.

உடனே விடை கூற இயலவில்லை. 1820களிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட நம் முன்னோர், கடல் கடந்து மன்னார்க் கரையிலிறங்கிக் காடு வழியே மாத்தளை வரை நடந்தனர். வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோரைக் கணக்கெழுதி வைத்தார் இலர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எஞ்சியோரின் வழிவந்தவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைப் பெட்டி கட்ட வைத்தது. என் பெரியப்பா குடும்பம் நீலகிரிக்குப் போனது அவ்வாறே. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை இக்கணக்குத் தீரவில்லை. இவற்றையெல்லாம் அம்மாணவிக்குச் சொன்னேன். “செடியைப் பிடுங்குவது போல மனிதரைப் பிடுங்கலாகாது என்று அறிய நாட்டுக்கு இத்தனை காலம் பிடித்தது” என்றும் சொன்னேன். அவள் தலையசைத்தாள். எனக்கோ என் விடை ஏட்டிலிருந்து படித்ததுபோலத் தோன்றியது. அன்று பேருந்தில் திரும்புகையிலேதான் பழைய ஆசிரியரின் கேள்வி மீண்டும் நெஞ்சில் எழுந்தது.

அடுத்த மாசி மாதத்தில், மழையற்ற ஒருநாள், என் தந்தையாரை உடனழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அவர் எழுபதைக் கடந்தவர். நாற்பதாண்டுகள் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். ஆங்கிலம் அறியார். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். வெள்ளைக்காரர் கல்லறையைப் பார்க்க எதற்குப் பயணமென்று அவர் கேட்கவில்லை. மகன் வாத்தியார் ஆனபின் அவன் செய்வதெல்லாம் பாடத்திற்காகவே என்பது அவர் நம்பிக்கை.

முதலில் வார்லி ஆலயத்திற்குச் சென்றோம். 1878இற் கட்டப்பெற்ற கருங்கற் கோயில் அது. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் வெயிலில் மின்னிற்று. ஆலயத்தைச் சூழ்ந்த கல்லறைகளில், இளவயதிலேயே இறந்த துரைமாரின் பெயர்களும் அவர்தம் தோட்டங்களின் பெயர்களும் இருந்தன. ஒவ்வொரு கல்லின் முன்னும் தந்தையார் நின்று, “இதுல என்ன எழுதியிருக்கு, தம்பி?” என்று கேட்பார். நான் வாசித்துப் பொருள் சொல்வேன். “சின்ன வயசு” என்பார். அடுத்த கல்லுக்கு நகர்வார். காலில் செருப்பில்லை. கோயில் வளவு என்று வாயிலிலேயே கழற்றியிருந்தார்.

பின்னர் பொகவந்தலாவைக்குச் சென்றோம். அங்குள்ள புனித மரியாள் ஆலயத்து வளவில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையார் அடங்கியுள்ளார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதிற் கிடைத்த நிழற்படக் கருவியொன்றினால் உலகப் புகழ் எய்தியவர். இங்கிலாந்தின் வைட்டுத் தீவில், என் ஆசிரியர் வருணித்த அதே சுண்ணாம்புக் கல் மேடுகளின் அடிவாரத்தில் வாழ்ந்தவர். அவர்தம் கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், நம் மாணவர் வரலாற்றுப் பாடத்திற் படிக்கும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவிற் பணியாற்றியவர். இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் உடையவர். 1875இல் இருவரும் இங்கு வந்தனர். 1879இல் அம்மையார் மறைந்தார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்து அவரருகே அடங்கினார். அம்மையார் இங்கு தோட்டத் தொழிலாளரையும் நாட்டு மக்களையும் படமெடுத்தார். அப்படங்கள் இன்று மேல்நாட்டு நூதனசாலைகளிற் போற்றிக் காக்கப்படுகின்றன. எடுத்தவரின் பெயர் உலகறிந்தது. எடுக்கப்பட்டவர் பலரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. இதனைத் தந்தையாருக்குச் சொன்னேன். “படமாவது இருக்கே” என்றார்.

திரும்பும் வழியில் வேறொரு சிறு கல்லறைத் தோட்டத்தைக் கண்டு இறங்கினோம். புல் மண்டிய மூலையில், முழங்கால் உயரமும் இல்லாத ஒரு கல். அதன்முன் தந்தையார் குனிந்தார்.

“இதுல என்ன பேரு, தம்பி?”

“பேரு இல்லப்பா. இன்னாருடைய ஆண் குழந்தை, பதினொரு நாள். அவ்வளவுதான் எழுதியிருக்கு.”

“பேரு வைக்கிறதுக்கு முந்தியே போயிருச்சா?”

“அப்படித்தான் போல.”

அவர் அந்தப் புல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். சற்றுநேரம் கழித்து, “பேரில்லாட்டியும் கல்லு வச்சிருக்கான்” என்றார். பின்னர், என் வாழ்நாளில் அதுவரை கேட்டறியாத செய்தியொன்றைச் சொன்னார். “எனக்கு ஒரு தங்கச்சி பொறந்தா. ஒனக்கு அத்தை முறை. இருபது நாள்தான். காய்ச்சல்ல போயிட்டா. பேரே வைக்காத புள்ளைக்கு என்னத்த அடையாளம் வைக்கிறதுன்னு எங்கம்மா விட்டுட்டாங்க.”

நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர் மகனாக வாழ்ந்தேன். ஆயிரம் மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பித்தேன். என் வீட்டில் எத்தனை பேர் பிறந்தனர் என்பதை அன்றுவரை அறியாதிருந்தேன். நான் கேட்டதில்லை, ஆதலின் அவர் சொன்னதில்லை.

அன்று மாலையே எங்கள் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினோம். தந்தையாரின் சிறுவயதில் அதன் ஒருபகுதி லயத்து மக்களின் இடுகாடாயிருந்ததாம். பின்னர் அங்கும் புதுத் தேயிலை வைத்தார்கள். இப்பொழுது அது எல்லா மலைகளையும் போன்றதொரு மலை. யானை படுத்தாற்போன்ற பாறையொன்றைக் குறிவைத்து அவர் நடந்தார். பாறையிலிருந்து நிரை எண்ணிக்கொண்டு இறங்கி, ஓரிடத்தில் நின்றார். அவ்விடத்தின் தேயிலைத் தூர்கள் ஏனைய தூர்களின் வேறாயில்லை. நான் சூடமேற்றினேன். காற்று இருமுறை அணைத்தது. மூன்றாம் முறை நின்றது. மேல் நிரையிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி கையை நிறுத்தி, யாருக்கென்று கேளாமலே கும்பிட்டாள்.

“ஒரு சின்னக் கல்லாவது வைப்போமா, அப்பா?” என்று கேட்டேன்.

“கல்லு வச்சா கவ்வாத்துக் கத்தி ஒடையும். நானே அந்தக் கத்தியப் புடிச்சவன். வேணாம்.”

“ஒரு பேராவது வைப்போமே.”

அவர் நெடுநேரம் சிந்தித்தார். “அது எங்கம்மா வைக்க வேண்டியது. நம்ம வைக்கக்கூடாது” என்றார்.

இவ்வாண்டு நான் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றபின், வழக்கம்போல் “ஹோட்டன் சமவெளியில் ஒருநாள்” என்ற தலைப்பைக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, இத்தோட்டத்து மண்ணிலே அடங்கிய தம் உறவினரின் பெயரும், தெரிந்த அளவு ஆண்டும், இடமும் எழுதிவரச் சொன்னேன். முதல் வாரம் நான்கு பேரே எழுதி வந்தனர். அடுத்த வாரம், தாள் போதவில்லை என்றனர். 2023ஆம் ஆண்டு, நம் முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர் நடந்த வழியே பலர் நடந்தனர். அவர்களொடு நடக்க எனக்கு வாய்க்கவில்லை. எழுதுவிக்க மட்டும் வாய்த்தது. பெயர்களையெல்லாம் தடித்த அட்டைக் கொப்பியொன்றிற் படியெடுத்து வருகிறோம். அதன் முதற் பக்கத்தில், என் கையெழுத்தில், இவ்வாறு உள்ளது: “என் தந்தையின் தங்கை. இருபது நாள். பெயரிடப்படவில்லை. ஏழாம் நம்பர் மலை, பாறைக்குக் கீழே.”

என் ஆசிரியர் இன்றும் உளரோ, அறியேன். இருப்பாராயின், இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், இதுவே என் விடை: சேர், கல்லறைகளிற் துரைமாரின் பெயர்கள் இருக்கின்றன. பெயரிடப்படாத ஒரு குழந்தைக்கும் அங்கு கல் இருக்கின்றது. எம்மவர் பெயர்கள் கல்லில் இல்லை. கொப்பியில் இதுவரை இருநூற்றுப் பதினேழு எழுதியுள்ளோம். இன்னும் எழுதுகின்றோம்.