மூலனூர்க் கொறங்காட்டில் நாலு நாள்

பங்குனி மாதம், சனிக்கிழமை சம்பளம் வந்த மறுநாள் காலையில் திருப்பூரில் பஸ் ஏறினோம். நானும் இரண்டரை வயது மகளும் மட்டும்தான். கம்பெனியில் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. பையில் பாப்பாவுக்கு நாலு செட் துணி, பெரியம்மா வீட்டுக்கு இரண்டு கிலோ பனியன் கட் பீஸ், அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. பயணமே அந்தச் சீட்டால்தான்.

ஹீமோகுளோபின் 8.2 என்று அதில் இருந்தது. இந்த வயதில் 11-க்குக் குறையக் கூடாதாம். "பாப்பாவுக்கு என்ன குடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டதும், "தினம் ஒரு லிட்டர் பால் குடிப்பாங்க சார்" என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாலில் இரும்புச்சத்து மிகவும் குறைவு. பாலிலேயே வயிறு நிறைந்த குழந்தை சோறு தின்னாது. தின்கிற கொஞ்சத்தில் இருக்கிற இரும்பையும் பால் உடம்பில் சேரவிடாது. அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பால் மாதம் 1,500. டயப்பர் 1,100. சத்துபானப் பொடி டப்பா 650. தெருமுனைக் கடையில் சரம் சரமாகத் தொங்குகிற 10 ரூபாய் பாக்கெட்டுகள், தினம் 3 என்றால் 900. ஆக மொத்தம் 4,150 ரூபாய். வீட்டுக்காரர் ஒன்றரை ஷிப்ட் ஓட்டி மாதம் கொண்டுவருவது 18,000. வாடகையும் கரண்டும் போக, என் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. இவ்வளவும் செலவழித்துத்தான் பிள்ளைக்கு ரத்தசோகை. அன்று ராத்திரி ரெண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

போனில் கேட்டுவிட்டுப் பெரியம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "நாலு நாளைக்குப் புள்ளையத் தூக்கிட்டு இங்க வா."

காங்கேயம் வரைக்கும் பாப்பா தூங்கிவிட்டாள். ரோட்டோரம் களம் களமாகக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த தேங்காய் எண்ணெய் வாசத்தில் முழித்தவள், பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கிய சிப்ஸ் சரத்தைப் பார்த்துவிட்டாள். அழுகையை நிறுத்த 10 ரூபாய் ஆயிற்று. வெள்ளகோவிலில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் முருங்கைக்காய்க் கட்டுகள். சரக்கு வண்டியில், டூவீலர் பின்னால், ஒரு பெரியவர் தலையிலும்கூட. அங்கிருந்து மூலனூர்ப் பக்கம் டவுன் பஸ். 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, அதில் மட்டும் காசு மிச்சம்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை. மூலனூர், வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் வராதவர்களுக்குக் கொறங்காடு என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். மழையை மட்டும் நம்பியிருக்கிற நிலத்தை உழுது விதைக்காமல், மேய்ச்சலுக்கென்றே விட்டுவைப்பது. சுற்றிலும் கிளுவை வேலி. மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை வெட்டி வரிசையாக நட்டால் அதுவே துளிர்த்து முள்ளும் கொம்புமாகப் பின்னிக்கொள்ளும். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை பிடித்த மாதிரி வெள்வேல மரம். ஆடு மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், கூடவே ஆள் நிற்க வேண்டாம். ஒரு காட்டில் மேய்ந்து முடிந்ததும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். நான் போனபோது புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. ஆடுகள் மரத்தடியில் உதிர்ந்த வெள்வேலங்காயைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. "ஆடு என்னம்மா திங்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்த பாப்பா, முள் குத்தும் என்று தூக்கிக்கொண்டதற்குத்தான் அழுதாள். சிப்ஸுக்கு இல்லை.

பெரியம்மா வீட்டில் ஆறு பேர். பெரியம்மா, பெரியப்பா, அண்ணன், நங்கை (எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் சொல்வோம்), பள்ளிக்கூடம் போகிற பெண், மூன்று வயதுப் பையன். மாடு ரெண்டு, ஆடு முப்பது உருப்படி, ஒன்றரை ஏக்கரில் பிகேஎம்-1 முருங்கை. தண்ணீர் இருக்கிற வரைக்கும் சொட்டுநீர்.

முதல் நாள் சாயங்காலமே பால் விஷயம் வந்துவிட்டது. கறந்த பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறது. அந்தப் பையனுக்கு ஒரே ஒரு சின்ன டம்ளர். எனக்கு மனசு கேட்கவில்லை. சொந்த மாட்டை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு இவ்வளவுதானா என்று நினைத்தேன். பெரியம்மாவுக்கு என் முகத்திலேயே புரிந்துவிட்டது.

"பாலு வித்தாத்தான் தவுடு புண்ணாக்குக்குக் காசு. பொடியனுக்கு ஒரு டம்ளரு போதும். வவுத்துல சோத்துக்கு எடம் வேணுமல்லோ?"

டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் இதே கணக்குதான். காசு இருக்கிறது என்று நாங்கள் வாங்கி ஊற்றினோம். காசுக்காக இவர்கள் விற்றார்கள். பையனைத் தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தான்.

அன்று ராத்திரி பாப்பா பால் பாட்டில் கேட்டு இரண்டு மணி வரை அழுதாள். பாட்டிலை நான் வேண்டுமென்றேதான் திருப்பூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பெரியம்மா விட்டத்தில் சேலையால் தூரி கட்டி ஆட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையிலும் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிஸ்கட் கேட்டாள். கடை இருப்பது பஸ் நிறுத்தத்தில். வெயிலில் போக வர மூன்று கிலோமீட்டர். எனக்கே போக மனசு வரவில்லை. மத்தியானம் நங்கை அரிசியும் பருப்பும் வைத்தார். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மேலே ஒரு ஸ்பூன் நெய். பையன் தட்டை இழுத்து வைத்துத் தானே அள்ளித் தின்றான். அவன் தட்டிலிருந்து என் மகள் ஒரு வாய் எடுத்தாள். அப்புறம் இன்னொரு வாய். தனித்தட்டு வைத்தால் தின்ன மாட்டேன் என்கிறாள், அவன் தட்டிலேதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நங்கை பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

சிக்கனம் என்றால் மனதை அடக்குவது என்றே நினைத்திருந்தேன். கடை தூரத்தில் இருந்தால் பாதி சிக்கனம் தானாக வந்துவிடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. எங்கள் லைன் வீட்டிலிருந்து கடைக்கு இருபது அடி.

அந்த வீட்டில் காசு கொடுத்து வாங்குகிறவை கொஞ்சம்தான். உப்பு, டீத்தூள், தேங்காய் எண்ணெய், சோப்பு, தீப்பெட்டி. ரேஷனில் அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். மற்றபடி கம்பு, கொள்ளு, கடலை எல்லாம் சொந்தக் காட்டிலும் பங்காளிகள் காட்டிலும் விளைந்தவை. கோழி முட்டையில் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் தினம் ஒன்று. முருங்கைக்கீரை எந்நேரமும். நான் கொண்டுபோன பனியன் துணியை மடித்துத் தைத்துப் பெரியம்மா எட்டு இடுப்புத் துணி செய்துவிட்டார். நாங்கள் கம்பெனி வாசலில் கிலோக்கணக்கில் பார்க்கிற வேஸ்ட் துணிதான். திருப்பூரில் இருந்துகொண்டு டயப்பர் வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று பெரியப்பா கிண்டல் செய்தார். (இல்லை, எங்கள் லைனில் எல்லோரும் அதுதான்.)

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியம்மாவோடு ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் கையில் முழுக்கடலை கொடுத்தார். இந்த வயதில் அது மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும், ஆபத்து. வறுத்துப் பொடித்து வெல்லத்தோடு பிசைந்து கொடுக்கலாம் என்று சொல்லி, நானே உரலில் இடித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அங்கன்வாடிக்குப் பையனோடு பாப்பாவையும் கூட்டிப் போனேன். எடை பார்த்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைக்கும் சத்துமாவு தருகிறார்கள் அல்லவா, எங்கள் பாப்பாவுக்கு அது கிடைத்ததே இல்லை. சொந்த ஊரில் பதிந்திருந்தால்தான் உண்டு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். "குடியிருக்கிற எடத்துலயே பதிஞ்சுக்கலாங்க, கேட்டாத்தானே தருவாங்க" என்றார் அங்கிருந்த டீச்சர். இரண்டு வருஷம் இலவச மாவை விட்டுவிட்டு 650 ரூபாய் டப்பா வாங்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல்லோரும் காட்டுக்கே போய்விடலாம் போலிருக்கிறதே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நங்கையின் ஒரு நாளைச் சொன்னால்தான் கணக்கு முழுசாகும். காலை 4.30-க்கு எழுந்து சாணி வழித்துப் பால் கறக்கிறார். ஆறு மணிக்கு சொசைட்டி. குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது, அது தீர்ந்தால் தோட்டத்திலிருந்து சுமக்க வேண்டும். விறகு, கீரை ஆய்வது, தயிர் கடைவது, பிள்ளைகள் துணியைக் கையால் துவைப்பது, ஆட்டைப் பட்டியில் அடைப்பது. கடையில் வாங்காததற்குப் பதிலாக அவர் செய்கிற வேலைக்கு மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து மணிக்கணக்கு எழுதினேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வந்தது. திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போனால் ஒரு ஷிப்ட்டுக்கு 450 ரூபாய். அதைச் சொன்னதும் நங்கை சிரித்தார்.

"எனக்கும் ஒரு நாளாச்சு ஆறு மணி வரைக்கும் தூங்கோணும்னு இருக்குது அம்மிணி. நீங்க வந்தீங்கன்னுதான் இன்னிக்கு உக்காந்து பேசறேன்."

இயற்கை வாழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஐந்து மணி நேரத்தைச் செலவில் எழுதுவதில்லை. பெரும்பாலும் அதை அவர்கள் செய்வதில்லை, அதனால் தெரிவதில்லை. போன ஐப்பசியில் பையனுக்கு ராத்திரி ஜுரம் வந்து தாராபுரம் போக வண்டிக்கு மட்டும் 1,200 ரூபாய் ஆனதாம். ஒரு மாதம் மிச்சம் பிடித்தது ஒரே ராத்திரியில் போயிற்று. முருங்கையும் கை கொடுக்கவில்லை. நான் இருந்த வாரம் கிலோ 4 ரூபாய்க்கு இறங்கியது. பறிகூலிக்கே கட்டாது என்று பெரியப்பா காயை மரத்திலேயே விட்டுவிட்டார். மழைக்காலத்தில் அதே காய் நூறைத் தாண்டும், ஆனால் அப்போது மரத்தில் காய் இருக்காது. ஒரு கிடாயைக் கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டிப்போய்த்தான் அந்த மாதத்தைச் சமாளித்தார்கள்.

இங்கேயே வந்துவிடலாமா என்று நானும் வீட்டுக்காரரும் போனில் பேசாமல் இல்லை. ஒன்றரை ஏக்கரில் ஆறு பேர் பிழைக்கிற இடத்தில் இன்னும் மூன்று பேரா? கேட்டிருந்தால் பெரியம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் கேட்கவில்லை.

கிளம்பும்போது நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கை இலை அரைக்கிலோ, கம்பு மூன்று கிலோ, வறுத்த கடலை, நெய் ஒரு பாட்டில், அப்புறம் ஒரு காகிதப் பொட்டலத்தில் முருங்கை விதை எல்லாம் பையில் ஏறின. காங்கேயத்தில் பாப்பா மறுபடியும் சிப்ஸுக்கு அழுதாள். நாலு நாளில் எல்லாம் மாறிவிடவில்லை.

வந்த பிறகு செய்தது இதுதான். பால் காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். சிரப்பைப் பாலோடு கொடுக்காமல் எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரோடு கொடுத்தேன். டயப்பர் ராத்திரிக்கு மட்டும். டப்பா நின்றது, அங்கன்வாடி மாவு வருகிறது. பாக்கெட் வாரத்துக்கு இரண்டு, அதை மட்டும் அவளிடமிருந்து முழுக்கப் பிடுங்க முடியவில்லை. முட்டைக்கும் வாழைப்பழத்துக்கும் புதுச் செலவு உண்டு. அது போக மாதம் 2,400 ரூபாய் மிச்சமாகிறது, நேராக அடகுக் கடைக்குப் போகிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.6. கீரையால் மட்டும் ஏறியது இல்லை, சிரப்பை நிறுத்தாதீர்கள், இன்னும் மூன்று மாதம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

விதையில் ஒன்றை லைன் வீட்டுச் சுவரோரம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றினேன். துவைக்கிற தண்ணீர் பட்டுப் பட்டுச் சுவர் உயரம் வந்துவிட்டது. அஞ்சு குடித்தனமும் அதில்தான் கீரை ஒடிக்கிறோம். இப்போது மழை பிடித்ததும் தண்டில் கொத்துக் கொத்தாகக் கம்பளிப்பூச்சி அடைகிறது. பிள்ளைகள் மேலே பட்டால் தடித்து அரிக்கிறது. மரத்தை வெட்டச் சொல்லி வீட்டு ஓனர் ஒரு வாரம் கெடு கொடுத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடம், கீரையும் தினம் ஒடிக்கிறோம், அதனால் விஷ மருந்து அடிக்க மனசில்லை. இந்தப் பூச்சியை எப்படி ஒழிப்பது என்று கேள்வி-பதில் பகுதியில் யாராவது சொன்னால், அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டிக் கெடுவைத் தள்ளிப்போடச் சொல்வேன்.