இல்லத்திற்குரிய பார்வை நூல்கள்

நூல்களுள் முதலிலிருந்து இறுதிவரை படித்தற்குரியன சில. ஐயம் தோன்றியபோது எடுத்துப் பார்த்தற்குரியன சில. பின்னவற்றையே பார்வை நூல்கள் என்கிறோம். தமிழ்நாட்டில் வாழ்வோர்க்கு இவை வசதி. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மனோர்க்கு இவை தேவை. அதன் காரணத்தை முதற்கண் கூறுவோம்.

நம் பிள்ளைகளுள் பலர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். வாழுமிடத்தின் மொழியைக் கற்றல் முறையே. அதனை யாம் குறை கூறவில்லை. ஆயினும் ஓர் இடர் உண்டு. தெலுங்கு வழியில் பயிலும் எம் மகள் ஒருநாள் தன் அறிவியல் நூலில் 'கிரணஜன்ய சம்யோகக்கிரிய' என்ற தொடரைக் காட்டி, "இதற்கு என்ன பொருள், அப்பா?" என வினவினாள். பள்ளியிறுதி வகுப்பைத் தமிழில் முடித்த எமக்கு அத்தொடர் புதிது. அதனருகே ஆங்கிலப் பெயரும் இருந்தமையால், அதனைக் கொண்டு தமிழ்நாட்டரசின் அறிவியல் பாடநூலைத் தேடினோம். நாம் 'ஒளிச்சேர்க்கை' எனப் படித்ததே அது. கதிரொளியின் துணையால் இலையானது நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு உணவு சமைத்து, உயிர்வளியை வெளிவிடுதல். இருவரும் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தோம். இலை ஏன் பச்சை, இரவில் அஃது என்ன செய்யும் என மேலும் இரண்டு வினாக்கள் தமிழிலேயே பிறந்தன.

வீட்டு மொழியில் விடை கிடைக்காது என அறிந்த குழந்தை அம்மொழியில் வினவுதலையே விட்டுவிடும். பின்னர்த் தமிழ் சோறு கேட்பதற்கும் சினந்துகொள்வதற்கும் மட்டுமே பயன்படும். அந்நிலை வாராதிருக்கச் சில நூல்களைப் பரிந்துரைக்கின்றோம்.

முதலாவது அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் ஓர் இணைப்பாகவும் வெளிவந்தது. இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருவது. அன்றாட வழக்கிற்கு 1992இல் தோன்றிய க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஏற்றது. ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழுக்கு வர, டாக்டர் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அப்பல்கலைக்கழகமே வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் உண்டு. நமக்கு இன்னொன்றும் வேண்டும்: சி. பி. பிரௌன் 1852இல் வெளியிட்ட தெலுங்கு–ஆங்கில அகராதி. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், பழகிய தெலுங்குச் சொல் பலவற்றினின்றும் ஆங்கிலத்தின் வழியே தமிழை அடையலாம். புத்தறிவியல் சொற்கள் பிரௌனில் கிடையா. அவற்றிற்குப் பாடநூல்களே துணை.

இரண்டாவது கலைக்களஞ்சியம். தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. நாடு விடுதலை பெற்ற காலத்திலேயே இவ்வளவு பெரும்பணியைத் தமிழில் எண்ணித் துணிந்தனர் என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகின்றது. தொடர்ந்து அதே கழகம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக அளித்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும் வாழ்வியற் களஞ்சியமும் பிற்காலத்தவை. மேல்வகுப்பு மாணவர்க்கு உதவுவன.

சமூகவியலுக்கு டாக்டர் கே. கே. பிள்ளையின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' தக்கது. புராண, இலக்கியப் பெயர்களுக்கு ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910 முதல் நின்று நிலவுகின்றது. கல்வித்துறையில் பெற்றோர்க்கென ஒன்றே கூறுவோம்: குஜராத்தி ஆசிரியர் கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு'. இது பார்வை நூல் அன்றாயினும், குழந்தை வினவும்போது பெரியோர் எங்ஙனம் நடத்தல் வேண்டும் என்பதைக் கதைபோல் உணர்த்துவது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. புகைவண்டிக் கால அட்டவணையைக் கையிலெடுப்போர், அஃது எந்நாள் முதல் நடைமுறைக்கு வந்தது என்பதையே முதலில் பார்த்தல் வேண்டும். எம் அலுவலில் அது நாள்தோறும் பயிலும் பாடம். பார்வை நூலுக்கும் அதுவே விதி. கலைக்களஞ்சியம் நிறைவெய்தியது 1968இல். மனிதன் திங்களில் கால் வைத்தது 1969இல். புளூட்டோ கோள்களின் வரிசையினின்று நீக்கப்பெற்றது 2006இல். நம் மாவட்டத்தையே நோக்குக: 1960க்கு முந்திய நூல்களில் திருத்தணி சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது, 2022க்கு முந்தியவற்றில் திருப்பதியும் அம்மாவட்டத்துள் அடங்கும். ஆகவே இலக்கணம், இலக்கியம், பண்டை வரலாறு இவற்றிற்குப் பழைய தொகுதிகளை நம்பலாம்; அறிவியலுக்கும் ஆட்சி எல்லைகளுக்கும் புதிய பாடநூல்களோடு ஒப்புநோக்கியே கொள்ளுதல் வேண்டும். நூலின் ஆண்டைப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுதலும் கல்வியேயாகும்.

இவையனைத்தையும் ஒரு குடும்பம் வாங்குதல் அரிது. வாங்கவும் வேண்டா. கலைக்களஞ்சியத் தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் இணையத்தில் விலையின்றிப் பெறலாம். இல்லத்தில் ஓர் அகராதி இருந்தாற் போதும். ஏனையவற்றிற்குச் சங்கக் கட்டிடத்தில் ஓர் அலமாரி அமைப்போமாக. அந்நூல்களை வெளியே எடுத்துச் செல்லாது அங்கேயே பார்த்தல் நன்று. அருகில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். பிள்ளைகள் வாரந்தோறும் தம் வினாக்களை அதில் எழுதுக. விடை கண்ட பெற்றோர் நூற்பெயரும் பக்க எண்ணும் குறித்து அதன்கீழ் எழுதுக. இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் அனைவரும் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வேண்டுகின்றோம்.