அம்மாவின் அளவுத்தாள்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22-ஆம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ பெண்களை அனுமதிக்கக் கூடாது என்றது. இளம் வயதினருக்கும் அதே தடை, அதே வரியில். 66-ஆம் பிரிவு பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கியது. அது செல்லாது என்று 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சின் பற்றிய வரியோ, சட்டப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காத பட்டறைகளிலும் பழக்கமாக ஊறிக் கிடக்கிறது.

அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் 22 வருடம் வேலை பார்த்தார். லேத்திலும் கிரைண்டரிலும் ஆண்கள். அவர்கள் கடைந்து அனுப்பும் ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரால் அளந்து, தேறியது தேறாதது என்று பிரிப்பது அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடித்தவருக்குச் சம்பளச் சீட்டில் கடைசி மாதம் வரை 'ஹெல்பர்' என்றுதான் பெயர்.

அப்பா ஆவடியில் வாடகைக்கு ஓட்டிய 1986 அம்பாசடர்தான் எங்களுக்கு மிஞ்சிய சொத்து. எஞ்சின் புகை கக்கி நின்றதும், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் அண்ணன். அம்மா தன் பி.எஃப். பணத்தை என்னிடம் கொடுத்தார். "வேற எஞ்சின் கட்டு. நீயே நின்னு கட்டு." மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தும் எனக்கு அதுவரை கிடைத்தது மேசை வேலைதான்.

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் 1950-களின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். 1990-களில் வந்த 1817 சி.சி. இசுசு எஞ்சினில் ஐந்து. அதையே போடச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் கியர்பாக்ஸ், மவுண்டிங் எல்லாம் மாறும், பணமும் போதாது. புதுப்பேட்டையில் அதே வகைப் பழைய பிளாக் ஒன்றை வாங்கினேன். எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. ஒப்புதலுக்கும் அலைந்தேன்.

சிலிண்டர்களை ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தியதில் கொள்ளளவு சுமார் 1530 சி.சி. ஆனது. அதனால் கூடும் சக்தி கொஞ்சம்தான். உறுதி வேறு இடங்களிலிருந்து வர வேண்டும். நான்கு பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் வைத்து எடை சமன் செய்தேன். அப்போதுதான் கிராங்க் அதிராது. பழைய ஹெட்டின் மெது இரும்பு வால்வ் சீட்டுகளைப் பெட்ரோலில் இருந்த ஈயம் காத்துவந்தது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுபோனது. ஆகவே கடினமான புதிய சீட்டுகள் பொருத்த வேண்டியிருந்தது. ஆயில் பம்பும் ரேடியேட்டரின் உட்பகுதியும் புதிது.

கிராங்க் கிரைண்டிங்குக்குப் போன பட்டறையில், "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லும்மா, பேசிக்கலாம்" என்றார் முதலாளி. மறுமுறை அம்மாவை அழைத்துப் போனேன். அவர் புடவைத் தலைப்பால் கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பின்னையும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். நான்காவது பின்னில் 20 மைக்ரான் நீள்வட்டம். "இப்பதான் கிரைண்டிங் பண்ணது, தப்பு வராதும்மா" என்றார் முதலாளி. அம்மா பதில் சொல்லாமல் மைக்ரோமீட்டரை அவர் கையில் கொடுத்தார். அவர் இரண்டு முறை அளந்தார். பிறகு கிராங்கை மெஷினில் ஏற்றச் சொன்னார். அப்படியே விட்டிருந்தால் பின்னுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் படலம் சீராக நிற்காது. ஒருநாள் நடுரோட்டில் பேரிங் தட்டத் தொடங்கியிருக்கும்.

முதல் 500 கிலோமீட்டரை ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே மெதுவாக ஓட்டி, ஆயில் மாற்றினேன். இப்போது கல்யாண வாடகைக்குப் போகிறது. ஓட்டுவது நான். ஐடிலிங் ஏறி இறங்கினால், ஓடும் எஞ்சின்மீது குனிந்து கார்புரேட்டர் திருகைத் திருப்புவது அம்மா.

பெண்களுக்கு எந்திர வேலை வராது என்பவர்கள், அந்த வேலையின் பாதியைக் காலம் காலமாகப் பெண்களே செய்வதை மறைக்கிறார்கள். அளப்பது, பொறுக்குவது, பூட்டுவது எல்லாம் திறமைக் கணக்கில் வராமல் 'பொறுமை' என்று பெயர் பெறுகிறது. பொறுமைக்குச் சம்பளம் குறைவு.

அன்று அம்மா அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி, கீழே அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அது காரின் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. இந்த எஞ்சினை நாளை யார் பிரித்தாலும் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.